"அம்மா, நீ ஏன் குண்டா இருக்க?" – சின்னக் குழந்தைகள் நம் தோற்றத்தைப் பற்றிப் பட்டென்று சொல்லும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு நர்சரி பள்ளியில் 11 வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். எனக்கு 9 வயதில் ஒரு மகள், 5 வயதில் ஒரு மகன். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள், மற்றவர்கள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பது பெரும்பாலும் படிப்பைப் பற்றி இல்லை. "மிஸ், இவன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்றான் மிஸ்" என்று ஆரம்பித்து, பாதியிலேயே கண் கலங்கி நின்றுவிடுவார்கள். அப்படி வந்த கேள்விகளை, கேட்டவர் யார் என்று தெரியாதபடி மாற்றி, இங்கே சேர்த்திருக்கிறேன். சில அப்பாக்களும் கேட்டார்கள்.

3 வயது மகன் எல்லார் முன்னாலும் "அம்மா, நீ குண்டு" என்கிறான். என்னைக் கேலி செய்கிறானா?

இல்லை. கேலி செய்ய வேண்டுமென்றால் இந்தச் சொல் எதிராளிக்கு வலிக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அது 3 வயதில் தெரியாது. அந்த வயதில் பிள்ளைக்கு வேலையே பெயர் வைப்பதுதான். இது பெரிசு, அது சின்னது, இது சொரசொரப்பு, அது வழவழப்பு. யானை பெரிசு, எறும்பு சின்னது என்று நாங்கள்தான் வகுப்பில் சொல்லித் தருகிறோம். அதே பாடத்தை அவன் வீட்டுக்கு வந்து, கண்ணெதிரே இருக்கும் உங்கள் மேல் போட்டுப் பார்க்கிறான்.

அதிலும் "குண்டு" என்ற சொல் இதுவரை அவன் காதில் எப்படி விழுந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்து "குண்டுக் கன்னம்", "என் குண்டுப் பயலே" என்று கிள்ளி முத்தம் கொடுத்திருக்கிறோம். எங்கள் ஊரில் குண்டுமல்லி என்றால் பூக்காரம்மா ஈரத் துணி போட்டுப் பொத்தி வைத்திருக்கும் பூ; 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் தடித்த இதழைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். ஆக அவனுக்கு குண்டு என்பது கன்னம், பூ, முத்தம். அந்தச் சொல்லில் இருக்கும் முள் நம் காதில்தான் இருக்கிறது. 10 வயதில் பள்ளிக்கூடத்தில் குத்தியது, பெண் பார்க்க வந்த அன்று குத்தியது, பிரசவம் முடிந்து போன முதல் கல்யாண வீட்டில் குத்தியது. அது எதுவும் அவனுக்குத் தெரியாது.

இது எந்த வயதில் நிற்கும்?

4 வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்தவர் மனதில் இருப்பது வேறு, என் மனதில் இருப்பது வேறு என்று புரிவதுதான் திருப்பம். 1983ல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரண்டு ஆஸ்திரிய உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள்: ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? சின்னக் குழந்தைகள் அம்மா மாற்றி வைத்த இடத்தைக் காட்டுவார்கள், ஏனென்றால் தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறார்கள். 4, 5 வயதில்தான் "அவனுக்கு அது தெரியாதே" என்ற பதில் வரும். நான் இதைக் கடலைமிட்டாயை வைத்து என் வகுப்பில் விளையாட்டாகச் செய்வேன். ஜூனில் தப்பாகச் சொன்ன பிள்ளை பிப்ரவரியில் சரியாகச் சொல்லும்போது, அதே பிள்ளை "மிஸ், உங்க பல்லு மஞ்சளா இருக்கு" என்பதையும் குறைத்திருக்கும்.

இன்னொரு ஆய்வும் இதற்கு நேராகப் பொருந்தும். விக்டோரியா டால்வர், காங் லீ இருவரும் 2002ல் வெளியிட்டது, 3 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளை வைத்துக் கனடாவில் செய்தது. மூக்கில் லிப்ஸ்டிக் அடையாளத்தோடு ஒருவர் வந்து, போட்டோ எடுக்கும் முன் "நான் நல்லா இருக்கேனா?" என்று கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் நல்லாயிருக்கிறது என்றார்கள். அவர் போனபிறகு வேறு ஒருவரிடம் நல்லாயில்லை என்று உண்மையைச் சொன்னார்கள். அதாவது வெளியாளிடம் பூசி மெழுகும் பழக்கம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமே வந்துவிடுகிறது. அம்மாவிடம்தான் கடைசியில் வரும். நீங்கள் கோபித்துக்கொண்டு விட்டுப் போய்விட மாட்டீர்கள் என்று அதற்குத் தெரியும், அதனால்தான் உங்களிடம் பட்டென்று பேசுகிறது என்பது நான் பார்த்த வரையில் என் முடிவு.

அந்த நொடியில் என்ன பதில் சொல்வது? எனக்கு வாயே வருவதில்லை.

பார்த்தது சரி என்றால் ஆமாம் என்று சொல்லுங்கள், தெரிந்த காரணத்தைச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் நேரத்தில் என் மகன் என் வயிற்றில் ஒரு விரலை வைத்து அமுக்கினான். எடுத்தான். மறுபடி அமுக்கினான். "அம்மா, இது ஏன் பரோட்டா மாவு மாதிரி இருக்கு?" என்றான். அவன் கண் முழுக்க அந்தக் குழியில்தான் இருந்தது, என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "ஆமா கண்ணு, மெத்துனுதான் இருக்கும். நீயும் அக்காவும் உள்ள இருந்தப்போ தோல் விரிஞ்சுச்சு, நீங்க வெளிய வந்ததும் கொஞ்சம் தளர்ந்துருச்சு" என்றேன். தொப்புளுக்குக் கீழே இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் தடவி "இந்தக் கோடு?" என்றான். விரிந்த இடம் என்றேன். "வலிச்சுச்சா?" "வலிக்கல, அரிச்சுச்சு." சரி என்று சொல்லிவிட்டு மக்கை எடுத்து வாளித் தண்ணீரில் கப்பல் விட ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான் அவனுக்கு அதில் வேலை.

மூன்று பதில்களை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். "ச்சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றால், உடம்பு என்பதே பேசக் கூடாத விஷயம் என்று பதிந்துவிடும். நாளைக்கு யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டாலும் அது உங்களிடம் வந்து சொல்லாது. "நீ மட்டும் என்ன, உன் மூக்கைப் பாரு" என்று திருப்பிச் சொல்வது இரண்டாவது. நமக்கு அது பதிலடி. பிள்ளைக்கோ தன் மூக்கைப் பற்றி அம்மா சொன்ன தீர்ப்பு, அது பெரியவளாகும் வரை கண்ணாடி முன் கூடவே நிற்கும். "உன்னைப் பெத்துத்தான் இப்படி ஆனேன்" என்பது மூன்றாவது. காரணம் சொல்வது வேறு, பழி போடுவது வேறு. அதே வார்த்தைகளைத்தான் நானும் சொன்னேன், ஆனால் தொனியில் கணக்குத் தீர்ப்பது இருந்தால் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. அதைக் காட்டலாமா?

காட்டலாம், தண்டனையாகக் காட்டக் கூடாது. நான் இதில் தவறியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். மகளுக்கு 4 வயது இருக்கும்போது உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்கு நிற்கும் வரிசையில், நான் முடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோது, "அம்மா, உன் கைக்கு அடியில ஏன் கருப்பா இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். நான் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டேன். அழவில்லை, சாப்பாட்டு இலை முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "கையத் தூக்கும்மா, நான் போட்டுவிடுறேன், யாருக்கும் தெரியாது" என்றாள். முந்தின நாள் வரை அவளுக்கு அது ஒரு கேள்வி. என் கிள்ளுக்குப் பிறகு அது மறைக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. அதை மறைத்துக் கொடுத்தால் அம்மாவுக்குக் கோபம் போகும் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பவுடர் டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கிள்ளு எனக்குத்தான் வலிக்கிறது.

வலித்தால் "இப்ப அம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிள்ளைக்கும் ஒன்று தெரிந்துகொள்ளக் கிடைக்கும்: சொல்லுக்கு எடை உண்டு, ஆனால் அம்மா அதனால் உடைந்துபோக மாட்டாள்.

"நீ கருப்பு, அப்பாதான் கலர். ஸ்கூலுக்கு நீ வராதே, அப்பா வரட்டும்" என்று என் மகள் சொல்கிறாள். நான் என்ன செய்வது?

எனக்கு வருகிற கேள்விகளிலேயே என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான். மேலே சொன்ன "குண்டு" கதை இதற்குப் பொருந்தாது. "நீ கருப்பு" என்பது வரைக்கும் அவள் பார்த்தது. "நீ வராதே" என்பது அவள் கேட்டது, யாரோ சொல்லிக்கொடுத்தது. அந்த இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லியிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும்: பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தொட்டிலை எட்டிப் பார்த்து "நல்லவேளை, அப்பா கலர்" என்று சொன்ன சொந்தக்காரர், மாசமாக இருக்கும்போது குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று குங்குமப்பூப் பால் காய்ச்சிக் கொடுத்த கை, பிள்ளை வெயிலில் விளையாடினால் "கருத்துப் போயிருவ" என்று உள்ளே கூப்பிடும் குரல். குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் இருந்து வருவது. அப்புறம் 1975ல் வந்த முகக் கிரீம் ஒன்று, சிவப்பு என்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு 45 வருடம் விற்றது. 2020ல்தான் "ஃபேர் அண்ட் லவ்லி" என்பதை "க்ளோ அண்ட் லவ்லி" என்று மாற்றினார்கள். அந்த 45 வருடத்தில் வளர்ந்தவர்கள்தான் நாம், இன்றைய பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள்.

என் வகுப்பில் கிரேயான் டப்பாவில் இருக்கும் வெளிர் ஆரஞ்சு நிறத்தை எல்லாப் பிள்ளைகளும் "ஸ்கின் கலர்" என்றுதான் கேட்கும். 30 பிள்ளைகளில் அந்த நிறத்தில் ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனம் "சதை நிறம்" என்று வைத்திருந்த பெயரை 1962லேயே "பீச்" என்று மாற்றிவிட்டது, இங்கே நம் வாயில் இன்னும் மாறவில்லை. நான் செய்வது, கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அவரவர் கைக்குப் பக்கத்தில் கிரேயானை வைத்துப் பார்த்து எது ஒத்துப்போகிறது என்று தேடச் சொல்வது. பிரவுனை அழுத்தித் தேய்ப்பார்கள், மேலே கொஞ்சம் மஞ்சள் போடுவார்கள், கருப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். "மிஸ், நான் புளி கலர்", "நான் கருப்பட்டி", "நான் சுக்குக் காபி" என்று தாங்களே பெயர் வைப்பார்கள். வீட்டில் உங்கள் மகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள், உங்கள் கையையும் அவள் கையையும் ஒரே தாளில் வரைந்து.

அவளிடம் நேராகவும் பேசுங்கள். "ஆமா, அம்மா கருப்பு. எல்லார் தோலுக்குள்ளயும் நிறம் செய்யுற செல் இருக்கு, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையிலதான் இருக்கு, அம்மாவோடது நிறைய நிறம் செய்யுது, அது வெயில்ல இருந்து தோலைக் காப்பாத்துது." 5 வயதுக்கு இவ்வளவு புரியும். அதோடு, நாளைக்குப் பள்ளிக்கு நீங்களே போங்கள். அவள் சொன்னதற்காக ஒருநாள்கூட அப்பாவை அனுப்பாதீர்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, வாசலில் நேராக நின்று அவள் பெயரைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. "உங்கம்மா எவ்வளவு அழகு தெரியுமா" என்று அவர் வாயால் அவள் காதுபடச் சொல்ல வேண்டும், ஒருமுறை இல்லை, பலமுறை. நான் எத்தனை சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

மாமியாரும் நாத்தனாரும் "சொல்லு, அம்மா குண்டுன்னு சொல்லு" என்று பிள்ளையைத் தூண்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

சிரிப்பு கிடைக்கும் சொல்லைப் பிள்ளை விடாது, அதன் தப்பு இல்லை. இங்கே பேச வேண்டியது பெரியவர்களிடம். பிள்ளை தூங்கியபிறகு, உங்கள் கணவரையும் கூட வைத்துக்கொண்டு, மரியாதையாகவே சொல்லுங்கள்: "அத்தை, என்னைப் பத்தி என்ன சொல்லணும்னாலும் என்கிட்ட நேரா சொல்லுங்க, பிள்ளை வாயில வைக்காதீங்க. இன்னைக்கு என்னைச் சொல்லப் பழகினா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல இன்னொரு பிள்ளையச் சொல்லும், அப்ப நம்ம வளர்ப்பைத்தான் பேசுவாங்க." கடைசி வரி வேலை செய்யும். "குழந்தை வாயில வர்றது உண்மைதானே" என்று சிலர் சொல்வார்கள். குழந்தை வாயில் வருவது, பெரியவர்கள் போட்டது. கணவர் அந்த இடத்தில் பேசாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவரிடம் நீங்கள் தனியாகப் பேச வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

டவுன் பஸ்ஸில் ஒருவரைக் காட்டி "இந்தத் தாத்தாவுக்கு ஏன் ஒரு கால் இல்ல?" என்று கத்திக் கேட்டான். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

வாயைப் பொத்தாதீர்கள். பொத்தினால் அந்தப் பெரியவருக்கு இரண்டாவது முறை வலிக்கும், தன்னைப் பார்ப்பதே பயங்கரம் என்பதுபோல. பெரியார் நிலையத்தில் இருந்து வரும் பஸ்ஸில் எனக்கே இது நடந்தது. "சிலருக்கு அடிபட்டு, சிலருக்கு நோய் வந்து கால் எடுக்க வேண்டியிருக்கும், அவங்க கட்டையை வச்சு நடப்பாங்க" என்று சாதாரணக் குரலில் மகனிடம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து "சின்னப் பிள்ளை, ஐயா" என்றேன். அவரே சர்க்கரையால் போன கால் என்று சொல்லி, கட்டையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். எல்லாரும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை. வீட்டுக்கு வந்தபிறகு ஒரு விதி சொல்லிக்கொடுங்கள்: வெளியாள் உடம்பைப் பற்றி எது கேட்க வேண்டுமென்றாலும் என் காதில் வந்து கேளு. கேட்காதே என்று சொல்லவில்லை, எங்கே கேட்பது என்றுதான் சொல்கிறோம். 4 வயதுப் பிள்ளை பத்து முறையில் ஆறு முறை மறக்கும்.

அப்பாவுக்கு வழுக்கை. மகள் மடியில் உட்கார்ந்து தலையைத் தட்டிப் பாட்டுப் பாடுகிறாள்.

அவருக்குப் பிடித்திருந்தால் பாடட்டும். பிடிக்கவில்லை என்றால் "தட்டாதம்மா, தடவிக் கொடு" என்று சொன்னால் போதும்.

"அம்மா நல்லா இருக்கேனா?" என்று கேட்டால் பொய்யாவது சொல்லப் பழக்க வேண்டாமா?

பொய்யைத் தானாகவே பழகிக்கொள்ளும், அதற்கு டியூஷன் வேண்டாம். எதைச் சொன்னால் எதிராளிக்கு உதவி என்று பிரிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியது என்றால் உடனே சொல்லு: பல்லில் கீரை, நெற்றிப்பொட்டு கோணல், சேலையில் பின் வெளியே தெரிகிறது, ஜாக்கெட் கொக்கி மாட்டவில்லை. சரிசெய்ய முடியாதது என்றால், அதாவது மூக்கு, நிறம், உயரம், மச்சம், அவர் கேட்காதவரை அதைச் சொல்லி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. என் மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்கு 6 வயது. அன்றிலிருந்து நான் வெளியே கிளம்பும்போது வாசலில் நிறுத்தி முன்னும் பின்னும் பார்த்து "பின் சரி, பொட்டு சரி, போலாம்" என்று சொல்லி அனுப்புவாள். நேர்மையான கண் வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிடிக்காத சேலையைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் உண்மையைச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் சரியில்லை. பாராட்டு வேண்டுமென்றால் பாராட்டு வேண்டும் என்று கேளுங்கள், "இன்னைக்கு அம்மாவப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லு" என்று. யோசித்து ஏதாவது ஒன்று சொல்லும். "உன் கை மேல மஞ்சள் வாசனை வருது" என்று ஒருநாள் எனக்குக் கிடைத்தது.

பிள்ளை சொல்வதில் உடம்புக்கு ஏதாவது எச்சரிக்கை இருக்குமா?

இருக்கும், ஏனென்றால் நம்மை இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்ப்பவர் வேறு யாரும் இல்லை. "கழுத்துல அழுக்கு, தேய்ச்சாலும் போகல" என்று பிள்ளை சொன்னால் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள். பின்கழுத்தும் அக்குளும் தடித்துக் கருப்பது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். எனக்குக் கைக்கு அடியில் அதுதான், மண்டபத்தில் கிள்ளியதற்குப் பதிலாக அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். "வாய் நாத்தம்" என்றால் பல் டாக்டர், பெரும்பாலும் ஈறுதான் காரணம். கைக்குழந்தை இருக்கும்போது மூத்தது "அம்மா முடி எல்லாம் தரையில கிடக்கு" என்று சொன்னால் பயப்படாதீர்கள். பிரசவமாகி 3 மாதம் வாக்கில் முடி கொட்டுவது சாதாரணம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடும். கன்னத்தில் மங்கு விழுவதும் பலருக்கு கர்ப்ப காலத்தில் ஆரம்பிக்கும். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து, மாதங்கள் ஆகியும் மூடாமல் இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள், அதற்கென்றே பயிற்சிகள் இருக்கின்றன. இதெல்லாம் அழகுக்காக இல்லை.

எனக்குக் கீமோ ஆரம்பிக்கப் போகிறது. முடி கொட்டினால் என் 4 வயது மகன் என்ன சொல்வானோ என்றுதான் முதலில் பயமாக இருக்கிறது.

இதைக் கேட்ட அம்மாவிடம் அன்று நான் சொன்னதையே எழுதுகிறேன். கொட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எல்லா மருந்துக்கும் கொட்டாது, உங்கள் மருந்துக்குக் கொட்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டுவதாக இருந்தால் பெரும்பாலும் மருந்து ஏற ஆரம்பித்து 2 முதல் 4 வாரத்தில் தொடங்கும், ஒரே நாளில் கொத்தாக வரும்போது அவன் திடீரென்று பார்க்கக் கூடாது. "அம்மா உடம்புல ஒரு நோய் இருக்கு, அதுக்குப் பேரு கேன்சர். மருந்து அதை அடிக்கும்போது முடியையும் சேர்த்து அடிச்சிரும். அப்புறம் முளைக்கும்." நோயின் பெயரை மறைக்காதீர்கள், வராண்டாவில் யாராவது பேசும்போது அவன் காதில் எப்படியும் விழும்.

அவன் கேட்பது "மொட்டையா?" என்றுதான் இருக்கும், ஆனால் அதற்கு அடியில் மூன்று பயம் இருக்கும்: நான் சேட்டை செய்ததால் வந்ததா, எனக்கும் ஒட்டுமா, நீ ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள். கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். அந்த அம்மா முடியை முதலிலேயே குட்டையாக வெட்டிக்கொண்டார், பிள்ளை கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து ஒரு கொத்தை அவனையே வெட்டச் சொன்னார். பிறகு முழுக்கக் கொட்டியபோது "அம்மா, நீ தம்பிப் பாப்பா மாதிரி இருக்க" என்றானாம். அழுதேன் மிஸ், ஆனா அது வலிச்ச அழுகை இல்லை என்றார். சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் முளைக்கிறது, முதலில் வரும் முடி சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ இருக்கலாம். அவருக்குச் சுருட்டையாக வந்தது.

7 வயது மகள் இப்போது "நானும் உன்னை மாதிரி குண்டாயிடுவேனா?" என்று கேட்டு, இரண்டாவது தோசையை வேண்டாம் என்கிறாள்.

இது வேறு கட்டம், கவனமாக இருங்கள். சின்னதில் உங்களைச் சொன்ன அதே கண் இப்போது தன் பக்கம் திரும்பியிருக்கிறது. முதலில் உங்கள் வாயைக் கவனியுங்கள். சேலை கட்டும்போது "ஐயோ, எப்படி ஊதிப்போயிட்டேன்", விருந்தில் "எனக்கு வேணாம், நான் டயட்", கடையில் உடை போட்டுப் பார்க்கும்போது வரும் பெருமூச்சு. அமெரிக்காவில் ஆப்ரமோவிட்ஸ், பர்ச் என்ற இருவர் 2000ல் வெளியிட்ட ஆய்வில், டயட் இருக்கும் அம்மாக்களின் 5 வயதுப் பெண் குழந்தைகளுக்கு டயட் என்றால் என்ன என்ற எண்ணம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் இருந்தது. 5 வயதில். நாம் பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாமலே, நம் உடம்பைத் திட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம்.

அவளிடம் "ஆகமாட்ட, பயப்படாதே" என்று சொல்லாதீர்கள், அது என்னவோ தப்பித்ததுபோல் ஆகிவிடும். "என் உயரம், என் உடம்புவாகு உனக்கு வரலாம், அப்பாவோடது வரலாம். அம்மா இந்த உடம்போடதான் உன்னைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினேன்" என்று சொல்லுங்கள். தோசையை வற்புறுத்த வேண்டாம், ஆனால் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டைத் தட்டிவிடுவது, எடை குறைவது, ஒளித்துவைப்பது என்று போனால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், காத்திருக்காதீர்கள்.

9 வயதிலும் யாரிடம் எது பேசுவது என்று தெரியாமல் பேசுகிறான்.

சிலருக்கு அது சுபாவம். ஆனால் அதோடு கூட மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத் தெரியாதது, முகத்தைப் பார்த்து மனநிலை புரியாதது, ஒரே விஷயத்தில் பிடிவாதம் என்று பல இருந்தால் குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கு டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உதவும் மாவட்ட மையம்) இருக்கிறது, இலவசம். பெயர் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள்.

மகள் வரைந்த படத்தில் எனக்கு வயிறுதான் பாதிப் பக்கம். வீட்டுக்கு வருபவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். எடுத்து உள்ளே வைத்துவிடவா?

எடுக்காதீர்கள். இந்த வயதில் படத்தில் அளவு, கணக்கு எதுவும் இருக்காது. 3, 4 வயதில் தலையில் இருந்தே நேராகக் கால் முளைக்கும், கழுத்தே இருக்காது, கை காதுப் பக்கம் நிற்கும். உங்களுக்கு உடம்பென்று ஒன்றை வரைந்திருக்கிறாள் என்பதே அடுத்த படி ஏறியிருக்கிறாள் என்று அர்த்தம். என்ன வரைந்தாய் என்று அவளிடமே கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை அம்மாவை இப்படித்தான் வரைந்தது, நீலக் கிரேயானில் பெரிய வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன். "இங்கதான் மிஸ் நான் தலை வச்சுப் படுப்பேன், அக்காவும் படுப்பா, இடம் பத்தணும்ல" என்றது. அந்தத் தாளின் பின்பக்கம் தேதி போட்டு, அது சொன்னதை அப்படியே பென்சிலால் எழுதி அன்று மாலை அம்மா கையில் கொடுத்தேன். நீங்களும் உங்கள் மகள் சொல்வதைக் கேட்டுப் பின்பக்கம் எழுதிவையுங்கள், அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.